ஐந்து வாரக் கெடு

சென்ற மாதம் தொடர்ந்து மூன்று இரவுகள், 1982ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு வீடியோ கேமை என் மடிக்கணினியில் எமுலேட்டர் (பழைய கருவியைப் போலவே இயங்கும் மென்பொருள்) போட்டு விளையாடினேன். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘இ.டி.’ படத்தை வைத்து அட்டாரி நிறுவனம் 2600 என்ற தன் வீடியோ கேம் கருவிக்காக வெளியிட்ட கேம் அது. உலகிலேயே மோசமான வீடியோ கேம் எது என்ற கேள்விக்குப் பல ஆண்டுகளாகப் பலரும் முதலில் சொல்லும் பெயரும் அதுதான். தத்தித் தத்தி நடக்கும் வேற்றுக்கிரகவாசி இ.டி.யின் அந்தப் பச்சை உருவத்தை நகர்த்தத் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு குழியில் விழுந்தேன். கழுத்தை நீட்டி, மிதந்து, மெல்ல மேலேறி வெளியே வந்த அதே நொடியில் மறுபடியும் அதே குழிக்குள் விழுந்தேன். முதல் இரவு முழுவதும் இப்படியே போயிற்று.

இரண்டாம் இரவு வேறு மாதிரி இருந்தது. திரையின் விளிம்பைக் கடந்தால் எந்த இடத்துக்குப் போவோம் என்பது பிடிபட்டது. இ.டி. தன் வீட்டுக்குப் பேசத் தேவையான தொலைபேசியின் மூன்று துண்டுகளும் எந்தக் குழிகளில் கிடக்கின்றன என்பதை மேலே நின்றபடியே கண்டுபிடிக்க ஒரு வழி இருப்பதையும், அந்த வழி சில குறிப்பிட்ட இடங்களில் நிற்கும்போது மட்டும் கிடைக்கும் என்பதையும் புரிந்துகொண்டேன். 9999இல் தொடங்கி ஒவ்வோர் அடிக்கும் குறைந்துகொண்டே வரும் சக்தியை எங்கே செலவழிப்பது, எங்கே சேமிப்பது என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். மூன்றாம் இரவு இ.டி.யை அவன் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். இதை எழுதியவருக்குக் கற்பனையிலும் குறைவில்லை, கைத்திறனிலும் குறைவில்லை என்பது அதற்குள் எனக்கு உறுதியாகிவிட்டது. அவருக்கு மறுக்கப்பட்டது நாட்கள்தான். எத்தனை நாள் என்பதை முடிவு செய்தவர்கள், அந்த வேலையைச் செய்பவர்களாக இல்லை.

அந்த முடிவைப் பற்றியும், அது எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியும் எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முதலில் அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அட்டாரி 2600 என்று பின்னால் பெயர்பெற்ற கருவி 1977இல் விற்பனைக்கு வந்தது. அதன் உள் நினைவகம் 128 பைட். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பத்தியின் முதல் இரண்டு வாக்கியங்களைக்கூட அதில் முழுதாகச் சேமித்துவைக்க முடியாது. ஒரு முழுத் திரைப் படத்தை வைத்துக்கொள்ள அதில் இடமே இல்லாததால், தொலைக்காட்சியின் மின்கற்றை திரையில் ஒவ்வொரு வரியாக வரைந்துகொண்டு போகும்போதே, அடுத்த வரியில் என்ன தெரிய வேண்டும் என்பதை நிரல் அந்தந்தக் கணத்தில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வரிக்குச் செயலிக்குக் கிடைப்பது 76 சுழற்சிகள், அதாவது மிக நுண்ணிய 76 கால அளவுகள். அதற்குள் சொல்லி முடிக்காவிட்டால் படம் குலைந்துவிடும். ஒருவரே கதையை யோசித்து, உருவங்களை வரைந்து, ஒலியை அமைத்து, முழு நிரலையும் பெரும்பாலும் 4 கிலோபைட்டுக்குள் அடக்கி எழுதி முடிப்பார். ஒரு கேட்ரிட்ஜ் (கருவியில் சொருகும் கேம் பெட்டி) என்பது அப்போது ஒரு மனிதரின் கையெழுத்துப் பிரதிக்குச் சமம்.

ஆனால் அந்தக் கேட்ரிட்ஜில் கையெழுத்துப் போட அவருக்கு அனுமதி இல்லை. 1976இல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் என்ற பெரும் பொழுதுபோக்கு நிறுவனம் 2 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து அட்டாரியை வாங்கியது. துணி ஆலைத் தொழிலில் நீண்ட அனுபவம் பெற்ற ரே கசார் 1978இல் உள்ளே வந்து, நிறுவனர் நோலன் புஷ்னெல் வெளியேறிய பின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கேமை எழுதியவர் பெயரை எங்கும் குறிப்பிடக் கூடாது என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. பெயர் தெரிந்தால் போட்டியாளர்கள் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்பது ஒரு காரணம். பெயர் தெரிந்தவர் கூடுதல் சம்பளம் கேட்பார் என்பது இன்னொன்று. கசார் அந்தக் காலத்தில் ஒரு செய்தித்தாளிடம் பேசும்போது, தன் நிரலாளர்களைச் சட்டென்று உணர்ச்சிவசப்படும் ஆடம்பரக் கலைஞர்கள் என்ற பொருளில் குறிப்பிட்டார். அந்த வாசகத்தையே சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு நிரலாளர்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

அட்டாரி நிரலாளர் வாரன் ராபினெட் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். ‘அட்வெஞ்சர்’ என்ற கேமை அவர் யோசித்தபோது, இந்தக் கருவியில் அதெல்லாம் நடக்காது, விட்டுவிடு என்று மேலாளர் சொன்னார். அவர் விடாமல் எழுதினார். எழுதி முடித்ததும் அதற்குள் ஒரு ரகசிய அறையைக் கட்டினார். கறுப்புக் கோட்டைக்குள் இருக்கும் புதிர்ப் பாதையில், பின்னணியின் அதே சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு புள்ளி கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளியைத் தற்செயலாகத் தொட்டு எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட ஓர் இடத்தின் சுவர் வழியாக நுழைந்தால், திரையின் நடுவில் மேலிருந்து கீழாக, நிறம் மாறி மாறி மின்னும் எழுத்துகளில் ‘உருவாக்கியவர் வாரன் ராபினெட்’ என்று வரும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்ரிட்ஜ் கடைகளுக்கு வந்தபோது அவர் வேலையை விட்டே போயிருந்தார். யூட்டா மாநிலத்தில் இருந்த 15 வயதுச் சிறுவன் ஒருவன் அறையைக் கண்டுபிடித்து அட்டாரிக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் நிறுவனத்துக்கே விஷயம் தெரிந்தது. அதை நீக்க வேண்டுமானால் சிப்பை மறுபடியும் அச்சுக் கோத்துத் தயாரிக்க வேண்டும், செலவாகும் என்பதால் அப்படியே விட்டார்கள். கேமுக்குள் இப்படி ரகசியங்களை ஒளித்துவைக்கும், இன்று உலகம் முழுவதும் ‘ஈஸ்டர் எக்’ என்று கொண்டாடப்படும் வழக்கத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்ததும் அப்போதைய ஒரு அட்டாரி மேலாளர்தான். தன் வேலையில் தன் பெயரைப் போட ஒரு மனிதர் அதைக் குப்பையைப் போல ஒளித்துவைக்க வேண்டியிருந்தது என்பதுதான் இதில் என்னை வருத்தும் செய்தி.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் வீடியோ கேம் இருந்தது. மஞ்சள் நிறக் கேசட்டைச் சொருகினால் நூற்றுக்கணக்கான கேம்களின் பட்டியல் திரையில் வரும். அவற்றை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருப்பார் என்ற எண்ணமே எங்களில் ஒருவருக்கும் வந்ததில்லை. ராபினெட்டின் அறையை முதன்முதலில் பார்த்தபோது அந்தக் கேசட்தான் நினைவுக்கு வந்தது.

அட்டாரியின் நான்கு முக்கிய நிரலாளர்களான டேவிட் கிரேன், லாரி கப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் ஆகியோர் ஒளிக்கவில்லை. நேராகப் போய்க் கேட்டார்கள். எந்தக் கேட்ரிட்ஜ் எவ்வளவு விற்றது என்று விற்பனைப் பிரிவு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. இந்த மாதிரி கேம்களை இன்னும் செய்யுங்கள் என்று சொல்வதற்காக அனுப்பப்பட்ட தாள் அது. அதை வைத்து நால்வரும் கூட்டிப் பார்த்தபோது, ஆண்டின் சுமார் 10 கோடி டாலர் கேட்ரிட்ஜ் விற்பனையில் 60 சதவீதம் தங்கள் நால்வரின் கேம்களிலிருந்தே வந்திருப்பது தெரிந்தது என்று கிரேன் பல நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர்களுடைய ஆண்டுச் சம்பளம் தலைக்கு 20,000 டாலரை ஒட்டி இருந்தது. பெயரும், விற்பனையில் ஒரு சிறு பங்கும் கேட்டு கசாரைச் சந்தித்தார்கள். தொழிற்சாலையில் பாகங்களைப் பூட்டிக் கேட்ரிட்ஜ்களை அடுக்கும் தொழிலாளியைவிட நீங்கள் எந்த விதத்திலும் முக்கியமானவர்கள் இல்லை என்பதுதான் கிடைத்த பதில் என்கிறார் கிரேன்.

பூட்டி அடுக்குபவரின் உழைப்பு எனக்குச் சிறிதும் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பதிலில் உள்ள பிழை வேறு. கேட்ரிட்ஜைப் பூட்ட எத்தனை விநாடி ஆகும் என்பதைக் கடிகாரம் வைத்து அளந்துவிடலாம், இன்று பூட்டியதும் நாளை பூட்டுவதும் ஒன்றாகவே இருக்கும். கேமை எழுதுவது அப்படி நடப்பதில்லை. துணி ஆலையில் தறியை வைத்துப் பழகிய கணக்கைக் கற்பனைக்கும் வைத்தார்கள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வித்து அங்கேதான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

நால்வரும் வெளியேறினார்கள். இசைத்தட்டுத் தொழிலிலிருந்து வந்த ஜிம் லெவியோடு சேர்ந்து 1979 அக்டோபரில் ஆக்டிவிஷன் பிறந்தது. ஒரு கருவியைத் தயாரித்த நிறுவனத்தைத் தவிர வேறொருவர் அதற்கு கேம் செய்து விற்பது என்பது அதுவரை இல்லாத வழக்கம். அட்டாரி வழக்குப் போட்டது. 1982இல் சமரசமாகி, ராயல்டி கொடுத்துவிட்டு யாரும் கேம் செய்யலாம் என்ற நிலை வந்தது. பாடகரின் பெயரில் இசைத்தட்டு விற்பதைப் போல, எழுதியவரின் பெயரில் கேமை விற்றது ஆக்டிவிஷன். கையேட்டைத் திறந்தால் அவருடைய புகைப்படம் இருக்கும், எப்படி விளையாடுவது என்று அவரே உங்களிடம் பேசுவதைப் போலச் சில குறிப்புகள் இருக்கும், கீழே அவர் பெயர் இருக்கும். அதிகப் புள்ளி எடுத்தவர்கள் தொலைக்காட்சித் திரையைப் படம் பிடித்து அனுப்பினால் துணியில் தைத்த பட்டை ஒன்று தபாலில் வரும்.

பெயரோடு சேர்ந்து நேரமும் கிடைத்தபோது என்ன நடந்தது என்பதற்கு 1982இல் வந்த ‘பிட்ஃபால்’ போதும். ஓடும் மனிதன் ஒருவனைத் திரையில் சரியாக ஓடவைப்பது எப்படி என்பதை கிரேன் சில ஆண்டுகளாகவே மனத்தில் வைத்திருந்தார். ஒரு நாள் ஒரு தாளை எடுத்து, நடுவில் மனிதனை வரைந்து, கீழே பாதை போட்டு, பாதை காட்டில் இருக்கட்டும் என்று மரங்களை வரைந்தார். பத்து நிமிடம்தான் ஆயிற்று. அந்தத் தாளை நிரலாக்க ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் ஆயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். 255 காட்சிகள் கொண்ட அந்தக் காட்டைச் சேமிக்க 4 கிலோபைட்டில் இடம் கிடையாது. ஆகவே அவர் காட்டைச் சேமிக்கவே இல்லை. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண் பிறக்கும்படி ஒரு சிறு கணக்கை எழுதி, அந்த எண்ணின் துகள்களைப் பார்த்து இங்கே குழி, இங்கே முதலை, இங்கே கொடி என்று திரையை அமைக்கும்படி செய்தார். பின்னோக்கி நடந்தால் கணக்கும் பின்னோக்கி ஓடும். வலப்பக்கம் பத்துத் திரை போய், திரும்பி இடப்பக்கம் பத்துத் திரை வந்து, விட்ட இடத்தில் அதே மரமும் அதே தேளும் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. அந்தக் கணக்குக்குத் தேவைப்பட்ட நிரல் ஐம்பது பைட்டை ஒட்டியது. நாற்பது லட்சத்துக்கு மேல் விற்றது அந்த கேம்.

ஆக்டிவிஷனின் பிற்காலத்தை நினைத்தால் மனம் கனக்கிறது. நிறுவனர்கள் நால்வரும் எண்பதுகளிலேயே ஒவ்வொருவராக விலகினார்கள். நிறுவனம் பெயர் மாறியது, நொடித்தது, 1991இல் தொழிலதிபர் பாபி கோட்டிக்கின் கைக்குப் போனது, மீண்டும் ஆக்டிவிஷன் ஆயிற்று. ‘கால் ஆஃப் டியூட்டி’ கேம் வரிசையை உருவாக்கிய, ஆக்டிவிஷனுக்குச் சொந்தமான இன்ஃபினிட்டி வார்ட் ஸ்டுடியோவை 2009 நவம்பரில் வந்த ஒரே கேம் நூறு கோடி டாலர் விற்பனையைத் தாண்டவைத்தது. சில மாதங்களில், 2010 மார்ச் 1 அன்று, அந்த ஸ்டுடியோவின் தலைவர்களான ஜேசன் வெஸ்ட்டும் வின்ஸ் சாம்பெல்லாவும் நீக்கப்பட்டார்கள். ஒப்பந்தத்தை மீறினார்கள் என்றது நிறுவனம். சேர வேண்டிய ராயல்டியைக் கொடுக்காமல் இருப்பதற்காகவே எங்களை வெளியேற்றினார்கள் என்று அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2012இல், விசாரணை தொடங்கும் நேரத்தில், இரு தரப்பும் சமரசமாயின. இடையில் அவர்களோடு பல ஊழியர்களும் கிளம்பிப் போய் ரெஸ்பான் என்ற புதிய ஸ்டுடியோவை உருவாக்கியிருந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஆக்டிவிஷன் எப்படிப் பிறந்ததோ, அப்படியே ஆக்டிவிஷனிலிருந்து இன்னொன்று பிறந்தது. 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலர் மதிப்பில் ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்கி முடித்தது; மூன்று மாதம் கழித்து, 2024 ஜனவரியில், மைக்ரோசாஃப்டின் கேம் பிரிவில் 1,900 பேருக்கு வேலை போயிற்று. கையேட்டில் நிரலாளரின் புகைப்படத்தைப் போட்டு வளர்ந்த நிறுவனத்தின் கதை இது.

கெடுவே இல்லாமல் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 1997இல் அறிவிக்கப்பட்ட ‘டியூக் நியூகெம் ஃபாரெவர்’ என்ற கேம், தயாரானதும் வரும் என்ற ஒரே பதிலோடு, ஒரு எஞ்சினிலிருந்து (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) இன்னொரு எஞ்சினுக்கு மாறி, செய்ததைக் கலைத்து மறுபடியும் செய்து, 2009இல் அதை உருவாக்கிவந்த குழுவே கலைந்துபோய், வேறு கைகளுக்கு மாறி, 2011இல்தான் வெளிவந்தது. வந்தபோது அதைப் பலரும் பழையதென்று ஒதுக்கினார்கள். கலைஞனுக்கும் ஒரு கரை வேண்டும். பத்திரிகையில் கதை எழுதுபவருக்கும், கச்சேரிக்கு மேடை ஏறுபவருக்கும் தேதி இருக்கத்தான் செய்கிறது. அந்தத் தேதியைக் குறிக்கும்போது வேலையின் அளவைப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி. நானும் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், வெளியீட்டுத் தேதி அறிவிக்கப்பட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற விவரமே எங்கள் கைக்கு வந்தது. இந்தத் தேதியை எதை வைத்துக் குறித்தீர்கள் என்று கூட்டத்தில் கேட்ட ஒரே மூத்த பொறியாளருக்குக் கடைசி வரை பதில் வரவில்லை. வெளியீட்டுக்குப் பிறகு பிழைகள் குவிந்தபோது அவருடைய பெயர்தான் அறிக்கையில் இருந்தது. அந்த முகம் நினைவில் இருப்பதால்தான் ‘இ.டி.’ கேமை எழுதிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவின் கதையை என்னால் யாரோ ஒருவரின் கதையாகப் படிக்க முடிவதில்லை.

வார்ஷாவுக்கு அட்டாரியில் கொடுத்த முதல் வேலை, ‘ஸ்டார் காசில்’ என்ற ஆர்கேடு கேமை (பொது இடங்களில் காசு போட்டு விளையாடும் வகை) 2600க்கு மாற்றுவது. இதை இந்தக் கருவியில் செய்தால் நன்றாக வராது, இதிலுள்ள நல்ல அம்சங்களை வைத்து வேறொன்றைச் செய்கிறேன் என்று அவர் மேலாளரிடம் சொன்னார். மேலாளர் சரி என்றார். அந்த ஒரு சரியிலிருந்து வந்ததுதான் 1982இன் ‘யார்ஸ் ரிவெஞ்ச்’. எழுதி முடிக்க ஏழு மாதம் கொடுத்தார்கள், அதன் பிறகு பலரை உட்காரவைத்து விளையாடவிட்டுச் சோதிக்கவும் காலம் கொடுத்தார்கள். திரையின் நடுவில், ஈ போன்ற நாயகன் ஒளிந்துகொள்ளும் பாதுகாப்புப் பட்டை ஒன்று வண்ண வண்ணமாக மினுமினுத்துக்கொண்டே இருக்கும். அதை வரைய நினைவகத்தில் இடமில்லை. வார்ஷா, கேமின் நிரலையே எடுத்து அப்படியே திரையில் படமாக ஓடவிட்டார். விளையாடுபவர் பார்த்துக்கொண்டிருப்பது அந்த கேமின் சொந்த எழுத்துகளை! ‘யார்’ என்ற பெயர் ‘ரே’ என்பதன் தலைகீழ், நாயகர்களின் கிரகமான ‘ரசாக்’ கசாரின் தலைகீழ். அட்டாரி சொந்தமாக உருவாக்கி 2600க்கு வெளியிட்டவற்றில் மிக நன்றாக விற்றவற்றில் ஒன்று அது. நிறுவனமும் கலைஞனும் ஒத்துப்போக முடியும் என்பதற்கு அதே அலுவலகத்தில், அதே தலைமையின் கீழ், அதே மனிதரின் கையிலிருந்து வந்த சாட்சி இது.

அதே ஆண்டு ஜூன் மாதம் ‘இ.டி.’ படம் வெளியாகி உலகைக் கலக்கியது. அதன் உரிமையைப் பெற வார்னரின் தலைவர் ஸ்டீவ் ராஸ் ஸ்பீல்பெர்க்குடன் பேசி முடிக்க ஜூலை இறுதி ஆகிவிட்டது. கொடுத்த தொகை 2 கோடி டாலருக்கு மேல் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கேட்ரிட்ஜ் கடையில் இருக்க வேண்டுமானால் தொழிற்சாலை செப்டம்பர் தொடக்கத்தில் ஓடத் தொடங்க வேண்டும். எந்த ஒரு நிரலாளரையும் கேட்காமல் பேசி முடித்த ஒப்பந்தத்தின் மிச்சமாக ஐந்து வாரம் விழுந்தது. ஜூலை 27 அன்று கசார் வார்ஷாவைத் தொலைபேசியில் அழைத்து, செப்டம்பர் 1க்குள் முடியுமா என்று கேட்டார். முடியாது என்று அவருடைய மேலாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். 25 வயதை எட்டவிருந்த வார்ஷா முடியும் என்றார்.

எளிமையாக எதையாவது செய்து கொடுத்திருக்கலாம். அவர் செய்யவில்லை. இ.டி. உலாவும் உலகை ஒரு கனசதுரத்தின் ஆறு பக்கங்களாக யோசித்தார். ஒரு பக்கத்தின் விளிம்பைக் கடந்தால் அடுத்த பக்கத்துக்குப் போவோம். விமானத்தில் போய் ஸ்பீல்பெர்க்கிடம் இதை விளக்கியபோது, பேக்-மேன் போல ஒன்றைச் செய்யக் கூடாதா என்று அவர் கேட்டதாக வார்ஷா பலமுறை சொல்லியிருக்கிறார். இந்தப் படத்துக்குப் புதிதாக ஒன்று செய்தால்தான் பொருந்தும் என்று வார்ஷா தன் திட்டத்திலேயே நின்றார். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் போய் வரும் நேரம் வீணாகக் கூடாது என்று நிரல் எழுதும் கருவி ஒன்றை வீட்டிலும் வைத்துக்கொண்டு, உறங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் எழுதினார். செப்டம்பர் 1 அன்று கேம் தயாராக இருந்தது. ‘யார்ஸ் ரிவெஞ்ச்’சுக்குக் கிடைத்த சோதனைக் காலம் மட்டும் இதற்குக் கிடைக்கவில்லை. அவருடைய லட்சியம் இந்தத் தோல்வியில் பங்காளி இல்லையா என்று கேட்டால், ஆம் என்றே சொல்வேன். ஐந்து வாரத்தில் ஓர் உலகத்தைக் கட்டலாம் என்று நம்பிய இளைஞர் அவர். ஆனால் அந்த நம்பிக்கைதான் இந்தத் தொழிலையே உருவாக்கியது. அதைப் பயன்படுத்திக்கொண்ட கணக்கை அவர் எழுதவில்லை.

சுமார் 40 லட்சம் கேட்ரிட்ஜ்களை அட்டாரி தயாரித்தது. கிறிஸ்துமஸில் 15 லட்சம் அளவுக்கு விற்றது. விற்றதிலும் பல திரும்பி வந்தன. அதே ஆண்டு ‘பேக்-மேன்’ கேட்ரிட்ஜ்களை 1 கோடியே 20 லட்சம் தயாரித்ததாகவும், வீடுகளில் இருந்த கருவிகளின் எண்ணிக்கையே அதைவிடக் குறைவு என்றும் சொல்வார்கள். அந்த எண்ணை எழுதியதும் எந்த நிரலாளரும் இல்லை. 1982 டிசம்பரில் வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்று வார்னர் அறிவித்ததும் அதன் பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. 1983இல் அட்டாரியின் நட்டம் 50 கோடி டாலரைத் தாண்டியது. அமெரிக்காவின் வீட்டு வீடியோ கேம் சந்தையே இரண்டு ஆண்டுகளில் படுத்துவிட்டது. தரமற்ற கேம்களால் கடைகள் நிறைந்தது, விலை வீழ்ந்தது, வீட்டுக் கணினிகள் வந்தது என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் கதை சொல்பவர்களுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. இ.டி.யைக் காட்டினார்கள். ஒரு தொழிலையே ஒருவர் ஐந்து வாரத்தில் கவிழ்த்துவிட்டார் என்ற கதை பரவியது. இத்தனை காலம் மறைத்துவைத்த நிரலாளரின் பெயர், பழி சுமக்க மட்டும் வெளியே வந்தது.

வார்ஷா அட்டாரியை விட்டுப் போனார். பின்னாளில் மனநல ஆலோசகராகப் படித்துத் தேர்ந்து, சிலிக்கான் பள்ளத்தாக்கிலேயே, தொழில்நுட்பத் துறையில் வேலை செய்து களைத்து வருபவர்களுக்கு ஆலோசனை சொல்லத் தொடங்கினார்.

விற்காத கேட்ரிட்ஜ்களை 1983 செப்டம்பரில் லாரிகளில் ஏற்றி, நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைக் கிடங்கில் கொட்டி, மேலே கான்கிரீட் ஊற்றினார்கள். 2014 ஏப்ரல் 26 அன்று அந்த இடத்தைத் தோண்டினார்கள். மணற்காற்று அடித்துக்கொண்டிருந்த பாலைவனத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். வார்ஷாவும் நின்றார். நசுங்கிய பெட்டிகளோடு ஏறத்தாழ 1,300 கேட்ரிட்ஜ்கள் வெளியே வந்தன. அவற்றில் இ.டி. ஒரு சிறு பகுதிதான். மற்றவற்றில் நன்றாக விற்ற கேம்களும் பல. ‘யார்ஸ் ரிவெஞ்ச்’சும் அதில் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய 8 கிலோபைட்டுக்காக இத்தனை பேர் வந்து நிற்பதைப் பார்த்து அவர் கண் கலங்கியதைப் படச்சுருளில் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2013இல், ரசிகரான ஒரு நிரலாளர் இ.டி.யின் நிரலைப் பிரித்துப் பார்த்து, குழியில் விழும் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்று எழுதினார். நாம் திரையைப் பார்க்கும்போது, குழிக்கு முன்னால் இ.டி. நிற்பதாகவும் அவன் தலை மட்டும் பின்னால் தெரியும் குழியின் மேல் படுவதாகவும் நம் கண் எடுத்துக்கொள்கிறது. கருவிக்கோ முன் பின் தெரியாது. உருவத்தின் ஏதோ ஒரு புள்ளி, அது தலையின் புள்ளியாக இருந்தாலும், குழியின் நிறத்தைத் தொட்டால் விழுந்ததாகவே கணக்கு. கால் பட்டால் மட்டும் விழ வேண்டும் என்று திருத்த அவருக்கு ஒரு சில பைட்டுகளை மாற்றுவது போதுமானதாக இருந்தது. நான்கு பேரை உட்காரவைத்து ஒரு வாரம் விளையாடச் சொல்லியிருந்தால் 1982 ஆகஸ்டிலேயே இது தெரிந்திருக்கும். வார்ஷாவே ஒரு மாலையில் சரிசெய்திருப்பார்.

நான்காம் இரவு அந்தத் திருத்திய பதிப்பை இறக்கி விளையாடினேன். காட்டில் இறங்கியதும் இடப்பக்கம் திரும்பி, முதல் இரவு நான் பத்து முறைக்கு மேல் விழுந்த அதே குழியின் கீழ் ஓரமாக அவனை நடத்திச் சென்றேன். தலை குழியின் விளிம்பில் பட்டது. அவன் விழவில்லை. எண் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருக்க, தத்தித் தத்தி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தான்.